திறன்மிகு வீட்டுச் சாதனங்களின் பாதுகாப்பு

திறன்மிகு வீட்டுச் சாதனங்கள் என்பவை இணையத்துடன் இணைக்கப்பட்டு, கைபேசிச் செயலி வழியாகவோ குரல் வழியாகவோ இயக்கப்படும் வீட்டுப் பொருட்கள் ஆகும். கண்காணிப்புக் கேமரா, ஸ்மார்ட் டிவி, குரலுக்குப் பதில் சொல்லும் ஒலிபெருக்கி, கைபேசியில் அணைத்து எரிக்கும் பல்பு, கதவுப் பூட்டு, அழைப்பு மணி, குழந்தையைக் கவனிக்கும் கேமரா ஆகியவை இவற்றுள் பரவலானவை. வீட்டுக்கு இணையத்தைப் பகிர்ந்து தரும் வைஃபை ரூட்டரையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதே முறை. மற்ற எல்லாச் சாதனங்களும் அதன் வழியாகத்தான் வெளியுலகோடு பேசுகின்றன.

இச்சாதனங்களால் வரும் ஆபத்தை இரண்டாகப் பிரிக்கலாம். அந்நியர் ஒருவர் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பது முதலாவது. இதை எவரும் எளிதில் புரிந்துகொள்வர். வீட்டுச் சாதனத்தை அந்நியர் தம் வசப்படுத்தி, வேறு யாரையோ தாக்கும் ஆயுதமாக்குவது இரண்டாவது. இதில் சாதனத்தின் உரிமையாளருக்குப் பெரும்பாலும் எந்த இழப்பும் தெரிவதில்லை. கேமரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டிருக்கும். அதனாலேயே இவ்வகை ஆபத்து நீண்ட காலம் கவனிக்கப்படாமல் இருந்தது. 2016-இல் நிகழ்ந்த மிராய் தாக்குதல்களுக்குப் பிறகே உலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது.

சாதனத்துக்குள் இருக்கும் கணினி

இணையக் கேமரா ஒன்றைக் கேமரா என்று மட்டும் நினைப்பது தவறு. அது வில்லை பொருத்திய ஒரு சிறிய கணினி. அதற்குள் செயலி உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளத்தின் சுருங்கிய வடிவம் ஒன்றும் உண்டு. மேசைக் கணினியில் செய்யக்கூடிய பல வேலைகளை அதிலும் செய்ய முடியும். வேறுபாடு என்னவென்றால், மேசைக் கணினிக்குத் திரையும் விசைப்பலகையும் உண்டு. ஏதேனும் கோளாறு வந்தால் கண்ணில் படும். சுவரில் மாட்டிய கேமராவுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க வீட்டில் உள்ளவருக்கு எந்த வழியும் இல்லை.

இச்சாதனங்கள் பலவீனமாக இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடு மட்டும் அன்று. விலைப் போட்டியும் ஒரு காரணம். ஒரு தொழிற்சாலை செய்த மின்சுற்றுப் பலகையையும் மென்பொருளையும் வாங்கி, பல நிறுவனங்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்கின்றன. விற்ற பிறகு மென்பொருளைத் திருத்தி அனுப்பும் பொறுப்பு யாருக்கு என்பது தெளிவாக இருப்பதில்லை. வாங்குபவர் படத்தின் தெளிவைக் கேட்கிறார், விலையைக் கேட்கிறார். எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்படுத்தல் வரும் என்று கேட்பதில்லை. கேட்காத ஒன்றைக் கடைக்காரரும் சொல்வதில்லை.

வீட்டு வலையமைப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் இங்கே சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. இணையச் சேவை நிறுவனம் ஒரு வீட்டுக்கு வழக்கமாக ஒரே ஒரு வெளி ஐபி முகவரியைத் தருகிறது. சில நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றைத் தருவதும் உண்டு. வீட்டுக்குள் உள்ள சாதனங்களுக்கு ரூட்டர் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை வழங்குகிறது. தெருவுக்குத் தெரிவது வாசல் எண் மட்டுமே. உள்ளே எத்தனை அறைகள், எந்த அறையில் யார் என்பது வெளியே தெரியாது. இந்த அமைப்பே ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை எந்தச் சாதனத்துக்கு அனுப்புவது என்று ரூட்டருக்குத் தெரியாததால், அது அழைப்பைத் தள்ளிவிடுகிறது.

ஆனால் ஊரில் இல்லாதபோதும் கேமராவைப் பார்க்க வேண்டும் என்ற தேவை வரும்போது இந்தத் தடுப்பில் ஓட்டை போடப்படுகிறது. கேமரா பொருத்த வருபவர் ரூட்டருக்குள் சென்று 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற அமைப்பில் ஒரு வழியைத் திறந்துவிடுகிறார். அல்லது 'யுபிஎன்பி' என்ற வசதி மூலம் கேமராவே ரூட்டரிடம் கேட்டு அந்த வழியைத் திறந்துகொள்கிறது. வீட்டுக்காரருக்காகத் திறந்த அந்த வழி உலகத்துக்கே திறந்த வழி ஆகிவிடுகிறது. அதன் பிறகு உள்ளே நுழைவதைத் தடுப்பது கடவுச்சொல் ஒன்றே.

மிராய்

மிராய் என்பது ஜப்பானிய மொழியில் எதிர்காலம் என்று பொருள்படும் சொல். 2016 ஆகத்து முதல் பரவத் தொடங்கிய ஒரு தீநிரலுக்கு அதை எழுதியவர்கள் இப்பெயரை இட்டனர். அந்நிரல் செய்த வேலை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. இணையத்தில் உள்ள ஐபி முகவரிகளை எந்த வரிசையும் இல்லாமல் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 'டெல்நெட்' எனப்படும் பழைய தொலைநுழைவு வாசல் திறந்திருக்கிறதா என்று தட்டிப்பார்க்கும். திறந்திருந்தால், தன்னிடம் உள்ள 62 பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளிலிருந்து பத்தை எடுத்து முயலும். ஒன்று பொருந்திவிட்டால் அந்தச் சாதனத்தின் விவரம் ஒரு மையக் கணினிக்குப் போகும். அங்கிருந்து தீநிரல் சாதனத்துக்குள் இறக்கப்படும். பின்னர் அந்தச் சாதனமும் மற்றவற்றைத் தட்டத் தொடங்கும்.

அந்தப் பட்டியலில் இருந்தவை அட்மின், ரூட், 12345, பாஸ்வேர்ட் போன்ற சொற்களும், குறிப்பிட்ட சில கேமரா வகைகளுக்குத் தொழிற்சாலையில் இடப்பட்ட சொற்களுமே. எந்த இரகசியக் குறியீட்டையும் மிராய் உடைக்கவில்லை. புதிதாக எந்த மென்பொருள் ஓட்டையையும் கண்டுபிடிக்கவும் இல்லை. சாவியைக் கதவிலேயே விட்டுச் சென்ற வீடுகளை மட்டும் தேடிப்போனது. அப்படிப்பட்ட வீடுகள் முதல் 20 மணி நேரத்திலேயே ஏறக்குறைய 65,000 கிடைத்தன. உச்சநிலையில் அதன் பிடியில் இருந்த சாதனங்கள் சுமார் 6 லட்சம். அவற்றில் பெரும்பகுதி கேமராக்கள், கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகள், வீட்டு ரூட்டர்கள். இவற்றில் பல பிரேசில், கொலம்பியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் இருந்தன.

இவ்வாறு ஒருவர் கட்டளைக்குக் காத்திருக்கும் சாதனக் கூட்டத்துக்கு 'பாட்நெட்' என்று பெயர். கட்டளை வந்ததும் எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் ஒரே இணையதளத்துக்குத் தரவை அனுப்பத் தொடங்கும். ஒரு சிறிய மளிகைக் கடை வாசலில் பல்லாயிரம் பேர் எதையும் வாங்காமல் நெருக்கிக்கொண்டு நின்றால் உண்மையான வாடிக்கையாளர் உள்ளே போக முடியாது அல்லவா? அதுபோல இணையதளம் முடங்கிவிடும். இதுவே பரவலான சேவை மறுப்புத் தாக்குதல் ஆகும்.

2016 செப்டம்பர் 20 அன்று, இணையக் குற்றங்களைப் பற்றி எழுதிவரும் அமெரிக்க இதழாளர் பிரையன் கிரெப்சின் தளம் இவ்வாறு தாக்கப்பட்டது. வினாடிக்கு ஏறக்குறைய 620 கிகாபிட் அளவில் தரவு வந்து மோதியது. அவருக்குக் கட்டணமின்றிப் பாதுகாப்பு அளித்துவந்த அகமாய் நிறுவனம், மற்ற வாடிக்கையாளர்களின் நலன் கருதி அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. சில நாட்களுக்குப் பின் கூகுளின் பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் கீழ் தளம் மீண்டும் வந்தது. வீட்டுக் கேமராக்களைக் கொண்டு ஓர் எழுத்தாளரின் வாயை அடைக்க முடியும் என்பது இதிலிருந்து தெரிந்தது. தாக்குதலின் அளவைவிட இதுவே அதிகம் கவலை தரக்கூடியது.

அந்த மாத இறுதியில் மிராயின் மூலநிரல் முழுவதும் பொதுவெளியில் வெளியிடப்பட்டது. தேடுபவர்களின் கவனம் தங்கள் மீது விழாமல் இருக்க, நிரலை எல்லோர் கையிலும் கொடுத்துவிடுவது ஒரு தந்திரம். அதன் பிறகு பலர் தத்தமக்கென ஒரு மிராயை உருவாக்கிக்கொண்டனர்.

அக்டோபர் 21 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை ஏழு மணியளவில் டின் என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் பெயர்ப்பதிவுச் சேவையை டின் நடத்திவந்தது. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட், ஸ்பாட்டிஃபை, கிட்ஹப், பேபால் ஆகியவை அந்தச் சேவையைப் பயன்படுத்திவந்தன. அத்தளங்கள் எதுவும் பழுதாகவில்லை. அவற்றின் முகவரியைச் சொல்லும் ஆள்தான் பேச முடியாமல் போனார். பலருக்கு அன்று பல மணி நேரம் அத்தளங்கள் திறக்கவில்லை. உண்மையில் தாக்கியவர்களின் குறி சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுச் சேவை என்று அமெரிக்க நீதித்துறை பின்னாளில் தெரிவித்தது. 2020-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், குற்றம் நடந்தபோது வயது நிரம்பாத சிறுவர்.

மூல மிராயை எழுதியவர்களும் இளைஞர்களே. பராஸ் ஜா, ஜோசையா ஒயிட், டால்டன் நார்மன் என்ற மூவர் 2017 டிசம்பரில் அலாஸ்காவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அப்போது அவர்களுக்கு வயது 20, 21. மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான சர்வர்களை நடத்துவோரிடையே இருந்த தொழில் போட்டியே இவர்களை இதற்குள் இழுத்தது. போட்டியாளரின் சர்வரை முடக்கினால் விளையாடுபவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். பராஸ் ஜா இத்தகைய தாக்குதல்களிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் நிறுவனம் ஒன்றையும் நடத்திவந்தார். பூட்டு விற்பவரே இரவில் கதவை உடைத்த கதை இது. 2018 செப்டம்பரில் மூவருக்கும் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சமூகப் பணியும் தண்டனையாக விதிக்கப்பட்டன. விசாரணை அதிகாரிகளுக்கு அவர்கள் பெரிதும் உதவியதால் சிறைத் தண்டனை இல்லை.

மாற்றினாலும் மாறாத கடவுச்சொல்

மிராயைப் பற்றி எழுதும் பலரும் 'கடவுச்சொல்லை மாற்றாத மக்களின் அலட்சியம்' என்று முடித்துவிடுகின்றனர். இது முழு உண்மை அன்று. பாதிக்கப்பட்ட கேமராக்கள் பலவற்றில் இரண்டு வாசல்கள் இருந்தன. உரிமையாளர் உலாவியில் திறந்து பார்க்கும் பக்கம் ஒன்று. டெல்நெட் வாசல் மற்றொன்று; இது தொழிற்சாலையினரின் பயன்பாட்டுக்காக வைக்கப்பட்டது. உரிமையாளர் முதல் வாசலின் கடவுச்சொல்லை எவ்வளவு கடினமானதாக மாற்றினாலும் இரண்டாவது வாசலின் கடவுச்சொல் மாறவில்லை. அது மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அப்படி ஒரு வாசல் இருப்பதே பயனர் கையேட்டைப் படித்தவருக்கும் தெரியாது. டின் தாக்குதலுக்குப் பின் சீனாவின் ஹாங்சோ சியோங்மாய் நிறுவனம் தன் பாகங்களைக் கொண்ட சில கேமராக்களை அமெரிக்காவில் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது இதனால்தான்.

எனவே கடவுச்சொல்லை மாற்றுவது தேவை, ஆனால் போதாது. உள்ளே நிலையாக எழுதப்பட்ட கடவுச்சொல்லுக்கு எதிராக வீட்டில் உள்ளவர் செய்யக்கூடியது, வெளியிலிருந்து அந்த வாசலை அடையும் வழியை ரூட்டரில் மூடிவிடுவது மட்டுமே.

மிராய் சாதனத்தின் நிலையான சேமிப்பில் எழுதப்படவில்லை. தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டால் அது அழிந்துவிடும். ஆனால் பழைய கடவுச்சொல்லோடு மீண்டும் இணையத்துக்கு வந்த சாதனத்தை வேறொரு மிராய் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். 2018 மே மாதம் தெரியவந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் இதிலும் ஒரு படி மேலே போனது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் சாதனங்களில், பெரும்பாலும் ரூட்டர்களில், அது இருந்தது. அதன் முதற்பகுதி மறுதொடக்கம் செய்தாலும் அழியாது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வீட்டு ரூட்டர்களை எல்லோரும் ஒருமுறை அணைத்துப் போடுமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது அப்போதுதான். நிரலின் மற்ற பகுதிகள் அழிந்து, மீதிப் பகுதி மீண்டும் தன் மையத்தைத் தேடும்போது அதை அடையாளம் காண்பதே நோக்கம்.

ரூட்டர்

2016 நவம்பர் 27 அன்று ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஏறக்குறைய 9 லட்சம் பேருக்கு இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி ஆகியவை தடைப்பட்டன. மிராயின் மற்றொரு வடிவம், இணையச் சேவை நிறுவனங்கள் தொலைவிலிருந்து ரூட்டரைப் பராமரிக்கப் பயன்படுத்தும் 7547 என்ற வாசலைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த ரூட்டர்களுக்குள் அதனால் நுழைய முடியவில்லை. ஆனால் தட்டலைத் தாங்காமல் அவை செயலிழந்தன. இதை நடத்திய பிரித்தானியர் டேனியல் கே பின்னர் பிடிபட்டார். லைபீரியாவின் கைபேசி நிறுவனம் ஒன்றை முடக்கக் கூலி பெற்றதற்காக 2019-இல் இங்கிலாந்து நீதிமன்றம் அவருக்கு 32 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஜெர்மனியில் அன்று தொலைபேசி இழந்த வீடுகளில் பலவற்றில் கேமராவோ பேசும் ஒலிபெருக்கியோ இருந்திருக்காது. ரூட்டர் இருந்தாலே போதும்.

ஆகவே வீட்டைப் பாதுகாக்கும் வேலை ரூட்டரில் தொடங்க வேண்டும். இதில் பலருக்கும் வரும் குழப்பம் ஒன்று உண்டு. ரூட்டரில் இரண்டு கடவுச்சொற்கள் உள்ளன. வைஃபையில் இணைவதற்கான கடவுச்சொல்லை எல்லோரும் அறிவர், விருந்தினருக்கும் சொல்வர். ரூட்டரின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்துக்கு வேறொரு கடவுச்சொல் உண்டு. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று உலாவியில் இட்டால் இப்பக்கம் திறக்கும். ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர் முதலாவதை மாற்றித் தந்துவிட்டு, இரண்டாவதை அட்மின் என்றே விட்டுச் செல்வது வழக்கம். வைஃபையில் இணைந்த எவரும் அல்லது எந்தச் சாதனமும் அதன் வழியாக வீட்டின் எல்லா வாசல்களையும் திறந்துவிடலாம். இணைப்புக் கொடுத்தவர் போவதற்கு முன்பே இதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது எளிய வழி.

கடவுச்சொல்லாகக் கைபேசி எண்ணையோ பிறந்த தேதியையோ பிள்ளையின் பெயரையோ வைப்பது பரவலான பழக்கம். பத்து இலக்கக் கைபேசி எண் நீளமாகத் தோன்றினாலும், இந்திய எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும் என்பது ஊகிப்பவர் வேலையைக் குறைக்கிறது. தவிர, அக்கம்பக்கத்தில் அந்த எண்ணை அறியாதவர் இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். மரத்தின் பெயர், பாத்திரத்தின் பெயர், ஒரு வினைச்சொல், ஓர் ஊர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வைஃபையின் 'டபிள்யூபிஎஸ்' என்ற வசதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; நல்ல கணக்குப் பாடமும் அதில் இருக்கிறது. நீண்ட கடவுச்சொல்லைத் தட்டாமல், எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து இணைய இது உதவுகிறது. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள். எவ்வளவு வேகமாக முயன்றாலும் ரூட்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல நேரம் எடுக்கும் என்பதால் இது போதும் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். எனவே வாய்ப்புகள் 1 கோடியாகக் குறைகின்றன. அதைவிடப் பெரிய பிழை, ரூட்டர் இந்த எண்ணை ஒரே தடவையில் சரிபார்ப்பதில்லை. முதல் நான்கு இலக்கங்கள் சரியா என்று முதலில் சொல்கிறது. பிறகே மீதியைப் பார்க்கிறது. முதல் பாதிக்கு 10,000 வாய்ப்புகள், இரண்டாம் பாதிக்கு 1,000. இரண்டையும் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் போதும் என்றாகிவிட்டது: வெறும் 11,000. ஆஸ்திரிய மாணவர் ஸ்டெஃபான் ஃபீபோக் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். சில மணி நேரத்தில் ஒரு நிரல் இத்தனையையும் முயன்றுவிடும். வைஃபை கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்தப் பக்கவாசல் திறந்திருந்தால் பயனில்லை. பிற்கால ரூட்டர்கள் பல, தவறான முயற்சிகள் மிகுந்தால் பூட்டிக்கொள்கின்றன. ஆயினும் நிர்வாகப் பக்கத்தில் டபிள்யூபிஎஸ் எண் வசதியை அணைத்துவிடுவதே நல்லது.

அதே பக்கத்தில் யுபிஎன்பியையும், வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதியையும் அணைக்கலாம். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் யாரோ எப்போதோ திறந்த வழிகள் இருந்தால் நீக்கலாம். சில இணைய விளையாட்டுகளுக்கு யுபிஎன்பி தேவைப்படும். வீட்டுப் பிள்ளைகள் முறையிட்டால் காரணம் அதுவாக இருக்கலாம். வைஃபை குறியாக்கம் 'டபிள்யூபிஏ2' அல்லது 'டபிள்யூபிஏ3' என்று இருக்க வேண்டும். 'டபிள்யூஇபி' என்று இருந்தால் அந்த ரூட்டரை மாற்றும் காலம் எப்போதோ வந்துவிட்டது.

இன்னொரு பயனுள்ள வசதி விருந்தினர் வலையமைப்பு. இன்றைய ரூட்டர்கள் பலவற்றில் இரண்டாவது வைஃபை பெயர் ஒன்றை உருவாக்கலாம். விருந்தினருக்காகச் செய்யப்பட்ட இதைச் சாதனங்களுக்குப் பயன்படுத்துவது நல்ல யோசனை. கேமரா, டிவி, பல்பு ஆகியவற்றை அதில் விட்டு, வங்கிக் கணக்கைத் திறக்கும் கைபேசியையும் கணினியையும் முதன்மை வலையமைப்பில் வைத்தால், கேமராவுக்குள் நுழைந்தவர் கணினியை எட்ட முடியாது. விருந்தினர் வலையமைப்பிலிருந்து உள்சாதனங்களைத் தொடர்புகொள்ள அனுமதிக்கும் தேர்வு அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டிப்பார்க்கும் கண்கள்

தனிமைக்கு வரும் ஆபத்து மிராய்க்கு முந்தியது. அமெரிக்காவில் டிரெண்ட்நெட் நிறுவனம் விற்ற கேமராக்களில் இருந்த மென்பொருள் பிழையால் 2012 ஜனவரியில் ஏறக்குறைய 700 கேமராக்களின் நேரலைக் காட்சிகள் பொதுவெளியில் இணைக்கப்பட்டன. தொட்டிலில் உறங்கும் குழந்தைகளும் அவற்றில் இருந்தனர். பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்து விற்றதற்காக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது.

2019 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுமியின் அறையில் இருந்த ரிங் நிறுவனக் கேமரா வழியாக அந்நியன் ஒருவன் அவளோடு பேசினான். தாய் வாங்கி மாட்டிய கேமரா அது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக. இத்தகைய நிகழ்வுகள் பலவற்றில் எந்தக் கேமராவும் உடைக்கப்படவில்லை. வேறு ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இங்கேயும் பொருந்துகிறதா என்று முயன்று நுழைந்தனர். ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருப்பவர் இதற்கு எளிதில் இரையாவார். கைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டை உறுதிப்படுத்தல் இருந்தால் இந்த வகை நுழைவு பெரும்பாலும் நின்றுவிடும்.

வெளியார் மட்டுமே ஆபத்து என்று எண்ணவும் முடியாது. ரிங்கின் ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் வாடிக்கையாளரின் தனிப்பட்ட காணொளிகளைப் பார்க்கும் நிலை இருந்தது என்று அதே ஆணையம் 2023-இல் குற்றஞ்சாட்டியது. வழக்கு 58 லட்சம் டாலர் செலுத்தும் உடன்பாட்டில் முடிந்தது. காணொளி வீட்டைத் தாண்டி நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது என்றால், அந்நிறுவனத்தின் ஒழுங்கையும் சேர்த்தே நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்தது தெரியவந்தது. பெண்கள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் அவை, விலைக்கும் விற்கப்பட்டன. காவல்துறை சிலரைக் கைது செய்தது. காட்சிகளில் இருந்த பெண்களில் எவரும் கேமரா வாங்கியவர் அல்லர், எந்தக் கடவுச்சொல்லும் வைத்தவர் அல்லர்.

படுக்கையறை, உடைமாற்றும் இடம், குளியலறை வாசல் ஆகிய இடங்களில் கேமரா வைக்காமல் இருப்பது எந்த மென்பொருளையும்விடப் பலமான பாதுகாப்பு. வாசலையும் வண்டி நிறுத்துமிடத்தையும் பார்க்கும் கேமராவிலிருந்து கசிவதற்கு அதிகம் இல்லை. வீட்டு வேலைக்கு வருபவர், நோயாளியைக் கவனிக்க வருபவர் ஆகியோரிடம் கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவதும் மரியாதை.

சட்டங்கள்

பொருளைச் செய்பவரையே பொறுப்பாக்கும் சட்டங்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. கலிபோர்னியா மாநிலத்தில் 2020 ஜனவரி 1 முதல், ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும் அல்லது முதல் பயன்பாட்டிலேயே மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லோடு சாதனம் விற்பது சட்டவிரோதம்; எவ்வளவு காலம் பாதுகாப்பு மேம்படுத்தல் தரப்படும் என்பதையும் விற்பவர் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. இந்திய அரசு 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்ட பின்பே விற்கப்பட வேண்டும். இது 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பே வாங்கி மாட்டிய கேமராக்களை இது எட்டாது.

அனுமதியின்றிப் பிறர் சாதனத்துக்குள் நுழைவது இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒருவரின் அந்தரங்கப் படத்தை இசைவின்றி எடுப்பதும் பரப்புவதும் 66இ பிரிவில் வரும். இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் எண் கணினிக் குற்றச் சட்டம் உள்ளது. பக்கத்து வீட்டு வைஃபையைத் திறந்து பார்த்தேன் என்று விளையாட்டாகப் பேசும் மாணவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. மிராயை எழுதியவர்களும் விளையாட்டில்தான் தொடங்கினர்.

பாதிப்பு ஏற்பட்டதாகத் தோன்றினால்

கேமரா தானாகத் திரும்புவது, தெரியாத குரல் கேட்பது, செயலியில் அறியாத கைபேசி ஒன்று இணைந்திருப்பதாகக் காட்டுவது ஆகியவை தெளிவான அறிகுறிகள். பாட்நெட்டில் சிக்கிய சாதனமோ இணைய வேகம் குறைவதைத் தவிர வேறு எதையும் காட்டாமல் இருக்கலாம். சந்தேகம் வந்தால் முதலில் சாதனத்தை இணையத்திலிருந்து துண்டிக்க வேண்டும். பின் அதன் பொத்தானை அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, ரூட்டரின் வழிகளை மூடி, சாதனத்தின் மென்பொருளைப் புதுப்பித்து, புதிய கடவுச்சொல் இட்ட பிறகே மீண்டும் இணைக்க வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை. கடவுச்சொல் இடும் முன்பே இணையத்தில் விட்டால் அந்தச் சில நிமிடங்களில் மீண்டும் பிடிபடலாம்.

காட்சிகள் வெளியே போயிருந்தால் அல்லது யாரேனும் மிரட்டினால், இந்தியாவில் 1930 என்ற எண்ணிலும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் அளிக்கலாம். மிரட்டல் செய்திகளை அழித்துவிடாமல் வைத்திருக்க வேண்டும், அவையே சான்று. கணினியையும் கைபேசியையும் சோதிக்க, நடுவண் அரசின் 'சைபர் சுவச்சதா கேந்திரா' கட்டணமில்லாத கருவிகளைத் தருகிறது. இலங்கையில் இலங்கை சேர்ட் அமைப்பை அணுகலாம்.

தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கேமராவுக்குப் புதுப்பித்தல் வராது. அதை வெளி இணையம் இல்லாமல், வீட்டுக்குள் பதிவு செய்யும் பெட்டியோடு மட்டும் இணைத்துப் பயன்படுத்தலாம். பழைய பொருளாக விற்பதாக இருந்தால், தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, செயலியில் உள்ள கணக்கிலிருந்து நீக்கி, நினைவக அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்ட பிறகே கொடுக்க வேண்டும்.